கட்டிலை எங்கே போடுவது

இன்னும் சிவப்புதான். கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாலும் சிவப்பு, பார்க்காதவள் மாதிரி இருந்துவிட்டுச் சட்டென்று பார்த்தாலும் சிவப்பு. சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிற வெள்ளைப் பெட்டியில் அது ஒன்றுதான் முழித்துக்கொண்டிருக்கிறது. காலையில் அதை மாட்டிய லைன்காரத் தம்பி ஜெபராஜ், "இது பச்சையாச்சுன்னா நெட்டு வந்துட்டுன்னு அர்த்தம்மா, அதுவரைக்கும் பெட்டியத் தட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். தட்டாதே என்று சொன்ன பிறகுதான் தட்ட வேண்டும் போல இருக்கிறது. கை பாட்டுக்குப் பீடி சுற்றுகிறது. இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்த இலை. இதற்கு நான் தேவையே இல்லை, கோமதி தூங்கினாலும் அவள் கை தூங்காது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். ஆனி மாத மேல்காற்று வேறு இலையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. தட்டை மடியில் அமுக்கிக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்தால்தான் இரண்டும் தெரியும். உள்ளே பெட்டி, வெளியே முப்பிடாதி அம்மன் கோயிலும் அதன் முன்னால் நிற்கிற கம்பமும். ஜெபராஜ் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வயரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கம்பமாக வருகிறான். இப்போது பால் சொசைட்டிப் பக்கம் வந்திருப்பான். வரட்டும், மெதுவாகவே வரட்டும், எதையும் விட்டுவிடாமல் வரட்டும்.

பச்சை வந்தால் செண்பகம் வருவாள். சிவப்பாகவே இருந்தால் மதுரையிலேயே பெற்றுக்கொள்வாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவதை ஒரு லைட்டா தீர்மானிக்கும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும், என் வீட்டில் அப்படித்தான். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. மாப்பிள்ளை பால்துரைக்கும் அப்படியே. அச்சாபீஸில் வேலை, அந்த மிஷின் போடுகிற சத்தத்தில் தலைவலி எல்லாம் மற்றவர்களுக்குத்தான். இரண்டு பேரும் கையால் பேசுவார்கள். கல்யாணப் பந்தியில் இலையில் சாம்பார் ஆறிப்போகும்வரை பேசினார்கள், பரிமாறுகிறவர் ரசத்தோடு வந்து நின்று பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். வாயுள்ள ஜோடிகளில் இப்படி ஓயாமல் பேசுகிற ஒரு ஜோடியை நான் பார்த்ததில்லை, என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவள் புருஷனை விட்டுவிட்டு மாசக்கணக்கில் இங்கே வந்து இருக்க வேண்டுமென்றால் அவனோடு பேச வழி வேண்டாமா? போனைக் காதில் வைத்து "சாப்ட்டியளா" என்று கேட்கிற பிழைப்பு அவளுக்குக் கிடையாது. படம் வேண்டும், படம் நிற்காமல் ஓடவும் வேண்டும். எங்கள் ஊரில் டவர் கிடைக்கிற இடம் தண்ணீர்த் தொட்டியின் ஏணிப்படி ஒன்றுதான். அங்கே நான் ஏறி நின்று போட்டாலும் படத்தில் அவள் கையைத் தூக்குவாள், தூக்கின கை அந்தரத்தில் அப்படியே நிற்கும், அடுத்துப் பார்த்தால் கை மடியில் இருக்கும். நடுவில் என்ன சொன்னாளோ, அது வந்து சேராது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் அந்தப் படியில் ஏறுவாளா? போன மாதம் மதுரைக்கே போய்க் கூப்பிட்டேன். கயிறு இழுப்பது மாதிரிக் காட்டினாள், கம்பம் காட்டினாள், எங்கள் வீட்டுச் சுவரைக் காட்டினாள், விரலை ஆட்டினாள். லைன் வரட்டும் வருகிறேன், இல்லையென்றால் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் வளைகாப்புப் போட முடியாது, அழைத்து வரவும் முடியாது. ஆனியோ முடியப்போகிறது.

அது சாக்காக இருந்தால்? இந்த நினைப்பு வருகிற இடத்தில் நூல் அறுந்துவிடுகிறது, காலையிலிருந்து எத்தனை தடவை அறுந்துவிட்டது. மதுரையில் தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி. மாமியார் தங்கம், குறை சொல்லலாம் என்று நானும் போகும்போதெல்லாம் தேடிப்பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அங்கே அவளுக்குத் தோழிமார் இருக்கிறார்கள், எல்லாருக்கும் அதே கைப்பேச்சு. இங்கே வந்தால் நான் ஒருத்தி. நானும் அவளும் பேசுவது நாங்களாகப் பண்ணிக்கொண்ட பாஷை. பீடித்தட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பண்ணியது. கை இரண்டும் இலையிலும் நூலிலும் மாட்டியிருக்கும், அதனால் முழங்கை, புருவம், வாய்க்குக் கீழே நாடி, தோள் எல்லாம் பேசும். நாடியை வாசல் பக்கம் சிலுப்பினால் அப்பா வருகிறார் என்று அர்த்தம். முழங்கையை வெளியே தள்ளினால் முடியாது போ என்று அர்த்தம், அதைத்தான் அவள் அதிகம் சொல்லியிருக்கிறாள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்த்த பிறகு லீவுக்கு லீவு கை நிறையப் புதுசு புதுசாகக் கொண்டுவருவாள். நான் ஒன்று படிப்பதற்குள் அவள் பத்து தாண்டிப் போய்விடுவாள். இப்போது மதுரைப் பேச்சு வேறு சேர்ந்திருக்கிறது. எழுதிக் காட்டலாம் என்றால் நான் ரெண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். அவள் வந்து உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அலுத்துப்போய் போன் பக்கம் திரும்பிக்கொண்டால்? அதைவிட, லைனும் வந்த பிறகு அவள் வேறு ஒரு காரணம் சொன்னால்? லைன் இல்லாதவரைக்கும் லைன் இல்லை, அதனால் வரவில்லை என்று ஊருக்கும் எனக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. சீக்கிரம் பச்சை காட்டு தாயே என்று கோயிலைப் பார்த்துக் கும்பிடுகிறேன், கும்பிட்ட கை இறங்குவதற்குள் நாளைக்கு வரட்டுமே என்றும் இருக்கிறது. எந்த வேண்டுதலை அம்மன் எடுத்துக்கொள்வாளோ தெரியவில்லை. சண்டை போட்டே எவ்வளவு நாளாகிவிட்டது. தொட்டிப் படியில் நின்று சண்டை போட முடியாது, சண்டைக்கு வேகம் வேண்டும். நின்று நின்று வருகிற படத்தில் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அவ்வளவுதான் சொல்லலாம், விருந்தாளிகள் பேசுகிற பேச்சு. பெற்ற மகளோடு விருந்தாளி மாதிரிப் பேசிப் பேசி எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

கட்டிலைப் போட்டு வைத்துவிட்டேன், அது வேறு. உள்ளறையில் தெற்கு ஜன்னலுக்குக் கீழே, தெற்கே தலை வைத்துப் படுக்கிற மாதிரி. காற்று வரும், படுத்துக்கொண்டே முருங்கை மரம் பார்க்கலாம், சாஸ்திரத்துக்கும் சரி. புது ஜமுக்காளம் மடித்து வைத்திருக்கிறேன். "எரும வாங்குமுன்ன நெய் வில பேசுதா பாரு" என்று என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி சிரித்தார். அவர் சிரிப்பதில் தப்பு இல்லை, இந்த வயர் எங்களை அப்படிப் பாடுபடுத்தியிருக்கிறது. செண்பகத்தைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் தெருவில் குழி தோண்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் குழியைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்தார்கள், இதில்தான் இண்டர்நெட் வரப்போகுது என்று நாங்களும் பெருமையாகக் காட்டினோம். மழை வந்து குழி தூர்ந்தது. ரோடு போட வந்தவர்கள் தோண்டக்கூடாது என்றார்கள், தோண்ட வந்தவர்கள் ரோடு போடக்கூடாது என்றார்கள், கடைசியில் இரண்டும் நடக்கவில்லை. பிறகு கம்பத்து வழியாக மேலே கொண்டுபோகலாம் என்றார்கள். அதற்குள் தேர்தல் வந்தது, தேர்தல் முடியும்வரை எதையும் தொடக்கூடாதாம். கறுப்பு வயர்ச் சுருள் கம்பத்தில் தொங்கிக்கொண்டே கிடந்தது, அதில் ஒரு அணில் குடும்பம் நடத்திக் குட்டியும் போட்டது. ஒருவழியாக இழுத்துக் கட்டி, பஞ்சாயத்து ஆபீஸில் பெட்டி வைத்து, ஊரே கூடி நின்று பார்த்தோம், எரியவும் எரிந்தது. வீட்டு வீட்டுக்குக் கொடுக்கப்போகிறோம் என்றார்கள். அப்புறம் அம்மன் கோயில் திருவிழா, எங்கள் ஊர்க் கொடை வந்தது, கொடை முடிந்து பார்த்தால் சிவப்பு. அன்றிலிருந்து யார் யாரோ வந்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், சிக்னல் இல்லை என்றார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். மகளுக்குக் கல்யாணமும் முடிந்து வயிற்றில் பிள்ளையும் வந்துவிட்டது, வயரில்தான் ஒன்றும் வரவில்லை. இந்தத் தம்பி ஒருத்தன்தான் வயரோடு நடக்கிறான். நாகர்கோயில் பக்கமாம், டீ கூட வேலை முடிந்த பிறகுதான் என்கிறான். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கம்பத்தடியில் ஆள் கூடுகிறது. ஜெபராஜ் ஏணியில் நிற்கிறான், கையில் ஏதோ கறுப்பாக, கத்தரிக்காய் கனத்துக்கு. "யாரு இத ஒட்டுனது?" என்று மேலிருந்து கேட்கிறான். ரேடியோ செட் வைத்திருக்கிற குத்தாலிங்கம் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறார், நெஞ்சு நிமிர்ந்து. "நாந்தான் தம்பி. கொடைக்கு அறுத்தோம்லா, சப்பரம் போனதும் தோலச் சீவி நல்லா இறுக்கி முறுக்கி டேப்பு போட்டுட்டேன். ஒரு சொட்டு மழத்தண்ணி எறங்காது." எனக்கு அந்தக் கொடை அப்படியே ஞாபகம் வருகிறது. அம்மன் சப்பரத்துக்கு மேலே எதுவும் குறுக்கே போகக்கூடாது, அம்மன் யாருக்கும் தலை குனிய மாட்டாள், அது எங்கள் ஊர் வழக்கம். வருஷா வருஷம் டிவி வயரை அண்ணாச்சிதான் அறுத்துவிடுவார், சப்பரம் போனதும் அவரே முறுக்கி ஒட்டிவிடுவார், ராத்திரி நாடகத்துக்குள் எல்லார் வீட்டிலும் படம் வந்துவிடும். அதே கை, அதே டேப். அன்றைக்கு இந்தப் புது வயரையும் அவர் அறுத்தபோது நாங்கள் எல்லோரும் குலவை போட்டோம்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள கம்பியில்ல, கண்ணாடி. முடிய விட மெல்லிசு. கரண்டு போறதில்ல, வெளிச்சம் போகுது" என்றான் ஜெபராஜ்.

அண்ணாச்சி ஏணிக்கு அடியில் வந்து அண்ணாந்தார். "அப்பம் நான் முறுக்குனது?"

"நொறுங்கிக் கெடக்கு."

"நல்லாத்தான தம்பி முறுக்குனேன்?"

"நல்லா முறுக்குனதாலதான் அண்ணாச்சி."

எனக்குச் சுர்ரென்று வந்தது. சவத்த மூதி, உன் டேப்பில் கொள்ளி வைக்க, என் மகள் மதுரையில் உட்கார்ந்திருப்பது உன் முறுக்கலாலா, தேர்தல், ரோடு, டவர் என்று யார் யாரையெல்லாமோ திட்டினேனே, இத்தனை நாளும் என் வாசலுக்கு நேர் எதிரே, நான் கும்பிடுகிற கோயிலுக்கு முன்னாலேயே அல்லவா தொங்கியிருக்கிறது. தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஆனால் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தால், நாலு ஊர்க் கோயிலுக்கு சீரியல் பல்பு கட்டிய மனுஷன், கையைப் பிசைந்துகொண்டு, "அம்மனக் குனிய வைக்க முடியாதுல்லா தம்பி" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்கிறார். எங்கிருந்தோ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் தெருவே சிரித்தது, கடைசியில் அண்ணாச்சியும். ஜெபராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அறுக்க வேண்டாம் அண்ணாச்சி. நான் ரெண்டு பக்கமும் நீளம் விட்டுக் கட்டித் தாரேன். கொடைக்கு அவுத்துக் கீழ போட்டுட்டு, சப்பரம் தாண்டுனதும் தூக்கிக் கட்டிக்கிடுங்க." அம்மன் காலுக்குக் கீழே போனால் வழக்கத்துக்கும் குற்றமில்லை. இதை முதலிலேயே ஒருத்தன் வந்து சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்களே.

ஒட்டுவதற்குக் காற்று ஆகாதாம், தூசி ஆகாதாம். இந்த மேல்காற்றில் எங்கே போக? கோயில் சுவரோரம் உட்கார்ந்து சின்ன மிஷின் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாராவது ஒரு துணி பிடிங்கம்மா" என்றான். தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். இலை பறந்தால் பறக்கட்டும். உள்ளறைக்குப் போய்ப் புது ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு ஓடினேன், ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைக் குத்தாலிங்கம் அண்ணாச்சி பிடித்தார். அம்மனுக்கு அலங்காரம் பண்ணும்போது திரை பிடிப்போமே அப்படி. காற்று ஜமுக்காளத்தை இழுக்கிறது, நான் இழுக்கிறேன். உள்ளே எட்டிப்பார்த்தால் அவன் கறுப்புத் தோலைச் சீவி, அதற்குள்ளிருந்த தோலையும் சீவி, ஒரு இழையைப் பஞ்சில் துடைக்கிறான். எனக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை, அவன் விரல் பிடித்திருப்பதை வைத்துத்தான் அங்கே ஒன்று இருக்கிறது என்று நம்ப வேண்டியிருக்கிறது. இதற்குள்ளேயா செண்பகத்தின் கை வரப்போகிறது? அவள் வளையல் எல்லாம் எப்படி வரும்? மிஷினில் கையகலத் திரையில் இரண்டு முனையும் பெரிசாகத் தெரிந்தன, ஒன்றையொன்று பார்த்து மெல்ல மெல்ல நகர்ந்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, பெண் பார்க்க வந்த இடத்தில் கூச்சப்படுகிற மாதிரி. பால்துரையும் செண்பகமும் முதல் நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவன்தான் முதலில் கையைத் தூக்கினான், உனக்கு என்ன பெயர் என்று கேட்டான் என்று நினைத்தேன், இல்லை, காப்பியில் சீனி அதிகம் என்றானாம். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில்தான் நான் சம்மதம் சொன்னேன். காப்பி போட்டது நான். மிஷினுக்குள் சின்னதாக ஒரு பொறி. "ஒட்டிக்கிட்டும்மா" என்றான் ஜெபராஜ். "அவ்வளவுதானா?" என்றார் அண்ணாச்சி, பாவம், அவர் எவ்வளவு நேரம் முறுக்கினாரோ.

ஜமுக்காளத்தை மடிக்கக்கூட இல்லை, வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் குரல், தோட்டத்திலிருந்து எப்போது வந்தாரோ. "ஏட்டி கோமதி, பச்ச! பச்ச எரியுது ஏட்டி!" கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சத்தமாக என்னைக் கூப்பிடாத மனுஷன். ஓடினேன். இந்த வயதில் தெருவில் இப்படி ஓடக்கூடாது, ஓடினேன். சந்தோஷமும் பயமும் கூடவே ஓடிவந்தன. பெட்டியைப் பார்த்தேன், பச்சை, அரிசி அளவு இருக்கும், நெல்நாற்றுப் பச்சை. ஜெபராஜ் பின்னாலேயே வந்து போனை வாங்கி ஏதோ அமுக்கி, "இப்ப போடுங்கம்மா" என்றான். போட்டேன். வரமாட்டேன் என்று சொல்லப்போகிறாள். வேறு காரணம் வைத்திருப்பாள். இல்லை, எனக்கு விளங்காத கைப்பேச்சில் ஏதோ சொல்லிவிடுவாள், நான் விளங்கிய மாதிரித் தலையாட்டிவிட்டு அப்புறம் அழுவேன்.

செண்பகம் வந்தாள். உடைந்து வரவில்லை, நின்று வரவில்லை, முழுசாக வந்தாள். கன்னம் உப்பியிருக்கிறது. மூக்குத்தி மின்னுகிறது. மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது. நல்லா இருக்கியா என்று அவள் கேட்கவில்லை. புருவத்தை நெரித்து வீட்டைக் காட்டு என்றாள். உள்ளறைக்குப் போனேன், போனைச் சுற்றிக் காட்டினேன். கட்டிலைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கை பறக்க ஆரம்பித்தது, மதுரைக் கை, ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாக என்று காட்டினேன். மந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற டீச்சர் மாதிரிப் பெருமூச்சு விட்டுவிட்டு, எங்கள் பாஷைக்கு இறங்கி வந்தாள். ஜன்னல். வெளிச்சம். பின்னால். நான் இங்கே சாய்ந்தால், கை கறுப்பு, மூஞ்சி கறுப்பு. அவருக்கு எப்படித் தெரியும்? மூளை இருக்கா உனக்கு? கட்டிலை அந்தச் சுவருக்கு மாற்று. ஜன்னலைப் பார்த்து நான் உட்கார வேண்டும்.

அந்தச் சுவர் வடக்குச் சுவர். வடக்கே தலை வைத்து யாராவது படுப்பார்களா, அதுவும் பிள்ளைத்தாய்ச்சி? குறுக்கே போடலாம் என்றால் கதவு திறக்காது. முடியாது என்றேன். முடியும் என்றாள். பேசும்போது வேண்டுமானால் அங்கே சாய்ந்துகொள், படுக்கும்போது தலையணையைத் தெற்கே போடு என்றேன். நடுராத்திரி விழிப்பு வந்தால் அவரிடம் பேச நான் எழுந்து திரும்பிப் படுக்கணுமா, இந்த வயிற்றோடா என்றாள். ராத்திரியில் என்னடி பேச்சு என்றேன். உனக்கென்ன என்றாள். அவள் பின்னால் பால்துரை தலையை நீட்டி எனக்குக் கும்பிடு போட்டான், அவள் அவனைத் தள்ளிவிட்டாள், சண்டைக்கு நடுவில் வராதே என்று. கையை வீசி வீசிப் போடுகிறோம், வீட்டுக்காரர் ஒதுங்கி நிற்கிறார், ஒரு சொல்கூட நடுவில் விழவில்லை. அவள் கோபத்தில் உதட்டைக் கடித்ததுவரைக்கும் வந்து சேர்ந்தது.

வாசலில் நின்ற ஜெபராஜுக்குப் பயம் வந்துவிட்டது. "என்னம்மா, கோவமா இருக்காங்க போல? மக வருமா, வராதா?"

"கட்டிலத் திருப்பிப் போடணுமாம்" என்றேன். போனை முருங்கை தெரிகிற ஜன்னலில் சாய்த்து வைத்தேன். "ஏங்க, நிக்கியளே, அந்தக் கால் பக்கம் பிடிங்க."

தூக்கினோம். கனம், பழைய வேம்பு. என் கை இரண்டும் கட்டிலில் இருந்தது, அவள் ஜன்னலிலிருந்து கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் தள்ளு இன்னும் தள்ளு என்று நாடியால் சொன்னாள். வடக்குச் சுவரில் கட்டில் முட்டி நின்றது. நான் நாடியைத் தெற்குப் பக்கம் சிலுப்பி, முழங்கையை வெளியே தள்ளினேன். தலையணை மட்டும் தெற்கேதான், அதில் மாற்றமில்லை. அவள் இரண்டு கையையும் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. முழங்கையைத் தள்ளினாள்.